மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்பு மருமகள் கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இன்றைக்குப் படிக்க மனம் வராவிட்டால் மடித்து வைத்து நாளைக்குப் படி. ஆனால் முழுக்கப் படி.

போன செவ்வாய்க்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வந்தேன் அல்லவா? மதினி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். கடுகு வெடித்ததும் நீ துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாய். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஓங்கரித்தாய். தாளித்த கரண்டியில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து தரச்சொல்லி அடம்பிடித்த பிள்ளை நீ. திரும்பி வந்து தட்டில் இருந்த இரண்டு இட்லியில் ஒன்றைப் பாதி பிட்டாய், மீதியைச் சட்னிக்குள்ளேயே ஒதுக்கிவிட்டாய். "கல்யாணப் பொண்ணு, டயட்ல இருக்கா" என்று மதினி பெருமையாகச் சொன்னார்கள். நான் முப்பத்து நாலு வருஷம் வார்டில் நின்றவள். டயட்டில் இருக்கிறவளுக்குப் பசி முகத்தில் தெரியும். உன் முகத்தில் பசியே இல்லை.

மாவு எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், பின்சுவரை ஒட்டி அந்தப் பெட்டி இருந்தது. வெகோவி, உடம்பு இளைக்கப் போடுகிற ஊசி. பெட்டிக்குள் மடித்திருந்த டாக்டர் சீட்டையும் பார்த்தேன். கேட்காமல் பார்த்தது தப்பு, மன்னித்துக்கொள். சீட்டு இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எடை 91 கிலோ, உயரம் 158, பி.சி.ஓ.எஸ்., சுகர் எல்லைக்கோட்டில் என்று எழுதியிருந்தது. ஒரு நல்ல டாக்டர் இந்த மருந்தை யோசித்து எழுத இதெல்லாம் நியாயமான காரணம்தான். இதில் நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. உடம்பு பருமனும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு.

எனக்கு உறுத்தியது இரண்டு விஷயம். சீட்டில் இந்த மாதம் 0.5 மில்லிகிராம் என்று இருக்கிறது. ஊசிப் பேனாவில் 1 என்று இருக்கிறது. டாக்டர் மாற்றிச் சொன்னாரா, கல்யாண நாள் நெருங்குகிறது என்று நீயாகத் தாவினாயா? இரண்டாவது, அதை ஒளித்து வைத்திருந்தாய். நான் மதினியிடம் சொல்லவில்லை, உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீதான். ஏன் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். 2008-இல் எனக்கு 43 வயது, 84 கிலோ. அப்போது சைபுட்ரமின் என்று ஒரு மாத்திரை இருந்தது, பசியை அடக்கும். தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சீட்டு இல்லாமல் வாங்கி, பீரோவில் உன் அப்பத்தாவின் சுருக்குப்பைக்குள் வைத்துச் சாப்பிட்டேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற சிஸ்டர் உடம்பு இளைக்க மாத்திரை தின்கிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்ற கூச்சம். நாலாம் மாதம், நைட் ட்யூட்டியில், நெஞ்சு படபடவென்று அடித்தது. நானே பிரஷர் பார்த்தேன். 170/110. டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். அந்த ஒரு பொய்யால் எனக்கு இல்லாத நோய்க்கு மூன்று வாரம் மருந்து சாப்பிட்டேன். பிரஷரை ஏற்றிய மாத்திரையையும் கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வார்டிலேயே கண் இருட்டி உட்கார்ந்த பிறகுதான் உண்மை வாயில் வந்தது. மாத்திரையை நிறுத்தினேன், சில வாரத்தில் பிரஷர் தானாக இறங்கியது.

பிறகு, சுமார் 10,000 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், இதய நோய் இருந்தவர்கள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்தது. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கடைகளைவிட்டுப் போனது, 2011 தொடக்கத்தில் இந்தியாவும் தடை செய்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று கை நடுங்கியது. மாத்திரை தந்த பயத்தைவிட, கேட்டும் சொல்லாமல் இருந்தேனே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

உன் ஊசி அந்த மாத்திரை மாதிரி இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் இருப்பது செமாகுளுடைட். நாம் சாப்பிட்டதும் நம் குடலே ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கும். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். உடம்பு சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். அதே வேலையைச் செய்கிற செமாகுளுடைட் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதுகிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, எடை கூடியவர்கள் 17,604 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு ஆகியவற்றை இந்த மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. சாதாரண மருந்து இல்லை இது. அதே ஒரு வாரக் கணக்கின் மறுபக்கத்தையும் யோசி. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் நிறுத்தலாம். ஊசி உள்ளே போய்விட்டால் வெளியே எடுக்க வழி இல்லை. டோஸ் கூடிவிட்டால் அந்த வாரம் முழுக்க அதோடுதான் இருக்க வேண்டும்.

டோஸைப் படிப்படியாக ஏற்றச் சொல்வதும் இதற்காகத்தான். 0.25, 0.5, 1, 1.7, பிறகு 2.4. படிக்கு நாலு வாரம். இரைப்பையும் மூளையும் பழகுவதற்கான அவகாசம் அது. குமட்டல் அதிகம் என்றால் டாக்டர் அடுத்த படியைத் தள்ளிப் போடுவார், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு வாரம் ஊசி தவறிவிட்டாலும் பழைய டோஸையே நீயாகத் தொடராதே. கேட்டுவிட்டுப் போடு. முகூர்த்தத் தேதிக்கு உன் இரைப்பை கட்டுப்படாது, கண்ணு.

உனக்கு நடப்பது உனக்கு மட்டும் நடப்பதில்லை என்றும் தெரிந்துகொள். 2021-இல் வெளியான முக்கிய ஆய்வில் 1,961 பேர், 68 வாரம். மருந்து போட்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இளைத்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். அதே ஆய்வில் மருந்து போட்ட நூறு பேரில் 44 பேருக்குக் குமட்டல், 32 பேருக்கு வயிற்றுப்போக்கு, 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல். பெரும்பாலும் டோஸ் ஏறும் மாதங்களில் வந்து, மெல்லத் தணிந்துவிட்டது. வயிற்றுக் கோளாறு தாங்காமல் மருந்தையே விட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆக, கொல்லைப்பக்கம் குழாயைத் திறந்துவிட்டு ஒளிய வேண்டிய அவமானம் இதில் எதுவும் இல்லை.

குமட்டலுக்கு எனக்குத் தெரிந்த கைப்பக்குவம் சொல்கிறேன். ஊசி போட்ட மூன்று நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம், பரோட்டா சால்னா, பிரியாணி பக்கம் போகாதே. கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கும், ஏற்கெனவே அங்கே வேலை மந்தமாக நடக்கிறது. சின்னக் கிண்ணத்தில் சாப்பிடு, மென்று சாப்பிடு. வயிறு முதல்முறை 'போதும்' என்றதும் கையைக் கழுவிவிடு. இன்னொரு வாய் என்று அம்மா ஊட்டினாலும் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காதே. தாளிப்பு வாசனை ஆகாத நாளில் மிளகு ரசமும் குழைந்த சோறும், இல்லாவிட்டால் இட்லியும் தயிரும் போதும். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, தண்ணீர்.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊசி பசியோடு தாகத்தையும் மறக்கடிக்கும். வாந்தியும் போக்கும் சேர்ந்து, வெயிலும் சேர்ந்தால் உடம்பு காய்ந்து சிறுநீரகம் அடிவாங்கும். சிறுநீர் அடர்த்தியான மஞ்சளில் போனாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ அதுதான் அறிகுறி. பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எப்போதும் இருக்கட்டும். நீர்மோர் குடி. கல்யாணத்துக்காகச் சஷ்டி விரதம் இருக்கப்போவதாக மதினி சொன்னார்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், இந்த வருஷம் பட்டினி விரதம் வேண்டாம். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வா.

இனிமேல் சொல்வதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள். இவை அபூர்வம். ஆனால் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. மேல்வயிற்றில் விடாத வலி வந்து, முதுகு வரை குத்தி, வாந்தியும் சேர்ந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலது விலா எலும்புக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு வந்து தோள்பட்டைக்குப் பாய்கிற வலி என்றால் பித்தப்பை. எடை வேகமாக இறங்கும்போது அங்கே கல் உண்டாகும், மருந்தும் அந்த ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. நான் சொன்ன 1,961 பேர் ஆய்வில் மருந்து போட்டவர்களில் 2.6 சதவீதம் பேருக்குப் பித்தப்பைக் கோளாறு வந்தது, மற்றவர்களில் 1.2 சதவீதம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்கினால் உடனே கண் டாக்டர். பார்வை நரம்புக்கு இரத்தம் குறைகிற ஒரு பாதிப்பை, மிக மிக அபூர்வமான பக்கவிளைவு என்று 2025 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது, 10,000 பேரில் ஒருவருக்கு வரை. கழுத்தில் கட்டி, குரல் மாற்றம் இருந்தாலும் சொல். எலிகளுக்குத் தைராய்டில் ஒருவகைக் கட்டி வந்ததால், மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது. நம் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை. உன் அம்மா வீட்டுப் பக்கம்? உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மதினியைக் கேட்டால்தான் தெரியும். ஒளித்து வைத்தால் இதை எப்படிக் கேட்பாய்?

இன்னும் இரண்டு இடத்தில் வாய் திறக்கத்தான் வேண்டும். பல் பிடுங்குவதோ வேறு ஆபரேஷனோ, மயக்கம் கொடுக்கிற எந்த வேலையானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் இதைச் சொல். இரவு சாப்பிட்டது காலையிலும் இரைப்பையில் கிடக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெறும் வயிறு என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், அது வெறும் வயிறாக இருக்காது.

இரண்டாவது, மாப்பிள்ளை. இதை அத்தை பேசுகிறேன் என்று கூச்சப்படாதே. கர்ப்பம் தரிக்க நினைத்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இந்த ஊசியை நிறுத்த வேண்டும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எடை இறங்கியதும் கருமுட்டை ஒழுங்காக வரத் தொடங்கும். மாதவிலக்கு ஒழுங்கில்லை, எனக்கெங்கே நிற்கப்போகிறது என்று அசட்டையாக இருந்து, எதிர்பாராமல் உண்டானவர்கள் உண்டு. ஆகவே கருத்தடை பற்றியும் டாக்டரிடம் பேசு. பின்னால் டாக்டர் மவுன்ஜாரோ என்ற வேறு ஊசிக்கு மாற்றினால், அது கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும் என்பதை நினைவில் வை. இதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அவருக்கே தெரியாமல் இதை எத்தனை மாதம் இழுப்பாய்? பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மா "கொஞ்சம் பூசினாப்ல இருக்கா" என்று சொன்னது உனக்குள் முள்ளாய் நிற்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கும் வலித்தது. அந்த வார்த்தைக்குப் பதில் சொல்வதற்காக இந்த ஊசியைப் போடாதே. உன் சுகருக்கும், உன் சினைப்பைக்கும், மாடிப்படி ஏறினால் வலிக்கிற உன் முழங்காலுக்கும் போடு. அப்போதுதான் டோஸை ஏற்றும் அவசரம் போகும்.

இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. அந்த 1,961 பேர் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் பத்தில் நாலு பங்கு கொழுப்பல்லாத உடம்பு, தசையும் அதில் அடக்கம். பசி இல்லை என்று அரை இட்லியோடு எழுந்தால் தசை கரைந்துகொண்டேதான் இருக்கும். சாப்பிடுகிற நாலு வாயில் முதல் வாய் முட்டையோ மீனோ பாசிப்பயறோ சுண்டலோ ஆக இருக்கட்டும், சோறு பிறகு. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு, இல்லாவிட்டால் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழு. சீப்பில் முடி கொத்தாக வந்தால் பயப்படாதே. எடை வேகமாக இறங்கினால் அப்படிக் கொட்டும், பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப முளைக்கும். அதையும் டாக்டரிடம் சொல், இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுவார்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள். அதே ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருஷத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அது மனவுறுதி இல்லாததால் வந்ததில்லை. மருந்து அடக்கி வைத்திருந்த பசி, மருந்து போனதும் திரும்புகிறது. கல்யாணம் வரைக்கும் போட்டுவிட்டு விட்டுவிடலாம் என்பது உன் கணக்காக இருந்தால், அந்தக் கணக்கை டாக்டர் முன்னால் வைத்துப் பேசு.

கடைசியாக ஒரு கதை. 1990-களில் அமெரிக்காவில் ஃபென்-ஃபென் என்று இரண்டு மருந்தைச் சேர்த்து, இளைப்பதற்காக லட்சக்கணக்கானவர்கள் சாப்பிட்டார்கள். வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ என்ற ஊரில் பாம் ரஃப் என்ற பெண் இதயத்துக்கு எக்கோ எடுக்கிற வேலையில் இருந்தார். வயது அதிகமில்லாத பெண்களின் இதய வால்வு கெட்டிருப்பதைப் பார்த்தார். அவர்கள் எல்லாம் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் என்பதைக் கவனித்தார், குறித்து வைத்தார், டாக்டர்களிடம் சொன்னார். அது மேயோ கிளினிக் வரை போய், 1997 ஆகஸ்டில் 24 பெண்களின் விவரம் மருத்துவ இதழில் வந்தது. செப்டம்பரில் அந்த ஜோடியில் வால்வைக் கெடுத்த ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டுப் போனது. அந்தப் பெண்கள் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை என்னைப்போல் மறைத்திருந்தால், எக்கோவில் தெரிந்ததற்குக் காரணம் யாருக்கும் புரிந்திருக்காது. வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொருத்தியும் இன்னும் பலரைக் காப்பாற்றினாள்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவுகளைக் கவனிக்க 2010-இலிருந்து அரசு தனித் திட்டமே நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பேசலாம். இந்த ஊசி நம் ஊருக்கு வந்ததே 2025-இல்தான். நம் சாப்பாடு, நம் வெயில், நம் விரதம், நம் உடம்பு இவற்றோடு இது எப்படிப் போகிறது என்பதை நாம் சொன்னால்தான் அடுத்தவளுக்குத் தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியது மூன்று. நாளைக்கே டாக்டருக்கு போன் போட்டு, எந்த டோஸ் போடுகிறாய் என்பதை மறைக்காமல் சொல். வீட்டில் கூட இருக்கிற ஒருவரிடமாவது அந்த ஆபத்து அறிகுறிகளைக் காட்டி வை. நடு ராத்திரியில் வலி வந்தால் நான் மதுரையிலிருந்து ஓடி வர முடியாது, உன்னை ஆட்டோவில் ஏற்றப்போவது அவர்தான். மூன்றாவது, பேனாவை ஃபிரிட்ஜின் பின்சுவரில் இருந்து எடு. அந்த இடத்தில் ஐஸ் பிடிக்கும், உறைந்துபோன மருந்தைப் போடவே கூடாது. நீ ஒளித்து வைத்த இடமே மருந்தைக் கெடுக்கிற இடமாக இருந்தது, கயல். நடுத்தட்டில், முன்பக்கமாக, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வை. மதினி கேட்பார்கள். சொல். முதலில் பயப்படுவார்கள், பிறகு உனக்கென்று தாளிக்காத சட்னி தனியாக எடுத்து வைப்பார்கள். உன் அம்மாவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

ஊசி போட்ட மறுநாள் காலையில் எனக்கு போன் பண்ணு. "நல்லாருக்கேன் அத்தை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே. எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை முட்டை, எத்தனை தரம் ஓங்கரிப்பு, சிறுநீர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உன் மீது உயிரை வைத்திருக்கும்
அத்தை